வடை வருவதற்கு முன் நிறைவேறிய தீர்மானம்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கம்மா. எனக்கு இந்தக் கடிகாரத்தை மடியில வச்சுக்க இடம் கிடைச்சாப் போதும். மாலையா? எனக்குப் போட்டதுதான். கண்டக்டர் தம்பி அறுபதாம் கல்யாணமான்னு கேக்குறாரு. ரிட்டையர்மென்ட்டுப்பா! இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு. சுத்தமா, ஒரு கறை இல்லாம, முழுசா ரிட்டையர் ஆயிட்டேன்.

தனியாச் சிரிக்கிறேன்னு பாக்குறீங்களா? சிரிக்காம என்னம்மா செய்ய! மூணு வாரமா எனக்குச் சோறு இறங்கல. எங்க யுனிவர்சிட்டியில கடைசி நிமிஷம் வரைக்கும் எதையும் நம்பக் கூடாது. மாலையைப் போடுவாங்க, பொன்னாடையைப் போத்துவாங்க, அப்புறம் கவர்ல சஸ்பென்ஷன் ஆர்டரை நீட்டிருவாங்க. பரீட்சைப் பிரிவுல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. மனுஷன் கழுத்துல மாலையோட கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. பென்ஷன் நின்னு போச்சு. எனக்கும் அதேதான் ஆகப்போகுதுன்னு வர்ற கவரையெல்லாம் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஏன்னா, நான் ஒரு காரியம் பண்ணியிருந்தேன். தப்பான காரியம் இல்லை. நல்ல காரியம்தான். ஆனா ஃபைல்ல எழுதினா தப்பு மாதிரி தெரியும்.

என் பேரு தவமணி. கவுன்சில் செக்‌ஷன் சூப்பிரண்டு. யுனிவர்சிட்டியில எந்தக் கூட்டம் நடந்தாலும் அஜெண்டா தயார் பண்றது, மினிட்ஸ் எழுதுறது, கடிதம் எழுதுறது எல்லாம் என் செக்‌ஷன்தான். பெரிய ஹால், நீள மேசை. ஒரு பக்கம் புரொபசருங்க, இன்னொரு பக்கம் ஆபீசருங்க, தலைமாட்டுல துணைவேந்தர். நான் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில. இருபத்தேழு வருஷமா அதே சுவர், அதே ஃபேன். பேசக் கூடாது. எழுதலாம். எனக்குப் பேசணும்னு ஆசையும் கிடையாதும்மா, அதிகாரத்து மேல எனக்கு எப்பவுமே ஆசை இருந்ததில்லை.

எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. பதினோரு மணிக்குத் தொடங்கும். பதினொன்னே முக்காலுக்கு கேன்டீன்ல இருந்து வடையும் காபியும் வரும். வடை வர்ற வரைக்கும் ஒவ்வொரு வரிக்கும் சண்டை. கமாவுக்கு அரை மணி நேரம். வடை வந்துட்டா எல்லாம் ஏகமனதாக. உளுந்த வடைம்மா, சூடா, மிளகு முழுசு முழுசாப் போட்டு. அதை வாயில வச்சுக்கிட்டு வேண்டாம்னு எவன் சொல்லுவான்?

போன வருஷம் பதிவாளர் என்னைக் கூப்பிட்டாரு. தில்லைநாயகம்னு பேரு, நல்ல மனுஷன், கொஞ்சம் முன்கோபி. “தவமணியம்மா, ஆசிரியர்கள் ஒரு நாளைக்கு மூணு தடவை கைரேகை வைக்கணும்னு கொண்டு வரணும். பிரச்சினை ஆகுமே, என்ன செய்யலாம்?”ன்னாரு. நான் சொன்னேன், “பதினேழாவது பொருளாப் போடுங்க சார். பதினேழு வரும்போது வடை வரும்.”

வந்துச்சு! கையெழுத்துப் போட்ட மாதிரி வந்துச்சு. நான் மினிட்ஸ்ல எழுதிட்டேன், ஏகமனதாக நிறைவேற்றப்பட்டதுன்னு. அடுத்த வாரம் கைரேகை மிஷின் வந்து சுவத்துல ஏறினப்புறம்தான் புரொபசருங்களுக்கே விஷயம் தெரியுது.

அன்னைக்குப் புடிச்ச சண்டைம்மா. ஆசிரியர் சங்கத் தலைவி ஜெசிந்தா மேடம், இயற்பியல் புரொபசர், நேரா பதிவாளர் ரூமுக்கே வந்துட்டாங்க. “இதை யாரு நிறைவேத்தினா?”ன்னாங்க. “நீங்கதான். மினிட்ஸைப் பாருங்க”ன்னாரு இவரு. “எப்ப?”ன்னாங்க. “ரெண்டாவது வடை சாப்பிடும்போது”ன்னு இவரு சொல்லிட்டாரு. சொல்லலாமா அதை? அதுக்கப்புறம் ரெண்டு பேரும் நேர்ல பேசுறதே இல்லை. எல்லாம் கடிதம்தான்.

பதிவாளர் கடிதத்தை யார் எழுதுறது? நான். “பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது”ன்னு ஆரம்பிச்சு, மூணாவது பத்தியில ஊசி ஏத்துற மாதிரி ஏத்தி முடிப்பேன். ஒரு பய பதில் சொல்ல முடியாது.

அங்கதான்மா சிக்கல். பதில் சொல்லவே முடியல அவங்களால. ஒரு நாள் ஜெசிந்தா மேடம் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்து என் மேசைக்கு வந்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. “அக்கா, நட்சத்திரம் எப்படி வெடிக்குதுன்னு கேளுங்க, நாப்பது பக்கம் எழுதுவேன். இந்தக் கடிதத்துக்கு என்ன எழுதுறதுன்னே தெரியலை. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்”ன்னாங்க. ஒரு பொம்பளை கண்ணு கலங்கி நிக்கிறா, சும்மா இருக்க முடியுமா? எழுதிக் குடுத்தேன். நல்லாவே எழுதிக் குடுத்தேன்.

அதைப் படிச்சுட்டு பதிவாளர் துள்ளிக் குதிச்சாரு. “என்ன திமிரு பாத்தீங்களா தவமணியம்மா, இதை விடக் கூடாது!”ன்னாரு. நானும் விடலை.

இப்படியே பதினோரு மாசம். நாப்பத்தி மூணு கடிதம். காலையில இவருக்கு, மத்தியானம் அவங்களுக்கு. சில நாள் பதிவாளர் கடிதத்தை முடிச்சுட்டு நானே அசந்து போவேன், இதுக்கு அவங்க என்ன பதில் சொல்லுவாங்களோ, பாவம்னு. அப்புறம் மத்தியானம் யோசிச்சு ஒரு பாயிண்ட் புடிப்பேன் பாருங்க, காலையில எழுதினவ மூஞ்சில ஈ ஆடாது! ஆனா ஒண்ணு, நான் எழுத எழுத சண்டை குறையும்னுதான் நினைச்சேன். குறையவே இல்லை. சில பேருக்குச் சமாதானமே பிடிக்காதும்மா, என்ன செய்ய முடியும்?

என் நாத்தனார் சொல்றா, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறேனாம். நான் எங்கம்மா கிள்ளினேன்? ஆட்டினேன். ரெண்டு தொட்டிலையும் ஆட்டினேன். கை வலிக்க ஆட்டினேன்.

கேளுங்க, இப்பதான் வருது. புதுசா ஒரு துணைவேந்தர் வந்தாரு. சத்தமே போட மாட்டாரு. அதே சமயம் யுனிவர்சிட்டிக்கு மார்க் போடுற குழு ஒண்ணு வரப்போகுதுன்னு தகவல். அவங்க அனுப்பின ஃபாரத்துல ஒரு கேள்வி: ஆசிரியர்களும் நிர்வாகமும் முடிவுகளைப் பகிர்ந்து எடுக்கும் முறை யாது? சான்று இணைக்கவும். எங்ககிட்ட இருந்த ஒரே சான்று நாப்பத்தி மூணு கடிதம். அத்தனையும் வெட்டு குத்து.

துணைவேந்தர் ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. “ஒன்பதாம் தேதி கூட்டம். சேர்ந்து நிர்வாகம் பண்றதுக்கு ஆளுக்கு ஒரு வரைவு கொண்டு வாங்க. ஏதாவது ஒண்ணு நிறைவேறாம யாரும் எந்திரிக்க முடியாது.”

காலையில பதிவாளர் கூப்பிட்டாரு. “தவமணியம்மா, நம்ம வரைவு பலமா இருக்கணும்.” மத்தியானம் ஜெசிந்தா மேடம் வந்தாங்க. “அக்கா, இது ஒண்ணு மட்டும்.” ரெண்டையும் ஒரே மூச்சுல எழுதினேன். என் சர்வீஸ்லயே அப்படி எழுதினதில்லை. அதுல ஆசிரியர் தரப்பு கேக்க வேண்டியதெல்லாம் இருந்துச்சு, இதுல நிர்வாகத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்துச்சு. எப்பவும் நிர்வாகத்துக்குச் சிவப்பு ஃபைல், சங்கத்துக்குப் பச்சை ஃபைல் போடுவேன். அன்னைக்கு ஸ்டோர்ல பச்சை தீந்து போச்சு. சரின்னு ரெண்டையும் சிவப்புலயே போட்டு மேல ஒரு சீட்டு சொருகி வச்சேன். ஃபேன் ஓடுது. சீட்டு ரெண்டும் கீழே விழுந்துச்சு. எடுத்துச் சொருகினேன். எதுல எதைச் சொருகினேன்னு இப்ப யோசிச்சா தெரியுது. அப்ப யோசிக்கல.

நீங்க கேக்கலாம், வாங்கினவங்க பிரிச்சுப் பாக்க மாட்டாங்களான்னு. எங்க யுனிவர்சிட்டியில சூப்பிரண்டு வச்ச ஃபைலை யாரும் படிக்க மாட்டாங்கம்மா. கையெழுத்துப் போடுற இடத்துல பென்சில்ல ஒரு டிக் போட்டிருப்பேன். டிக்கைப் பாப்பாங்க, போடுவாங்க. படிச்சா எனக்கு அவமானம்னு ஒரு மரியாதை.

ஒன்பதாம் தேதி. பதினோரு மணி. பதிவாளர் எந்திரிச்சு, கோட்டை இழுத்து விட்டு, கணீர்னு வாசிக்கிறாரு. “ஒன்று. எந்தக் கூட்டத்தின் அஜெண்டாவும் ஏழு நாளைக்கு முன்பே எல்லா ஆசிரியருக்கும் கொடுக்கப்பட வேண்டும். மேசையில் வைத்துக் கொடுக்கும் எந்தப் பொருளும் விவாதிக்கப்படாது.”

என் பேனா நின்னு போச்சு.

“இரண்டு. யுனிவர்சிட்டியின் எல்லாக் குழுக்களிலும் பாதிப் பேர் ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்களாக இருக்க வேண்டும்.” இதை வாசிக்கும்போதே அவரு குரல் மெல்ல இறங்குது. மூணாவதுல கைரேகை மிஷினை எடுக்கணும்னு இருக்கு. பாதியில நிறுத்த முடியுமா? பதிவாளர்மா! அந்த மிஷினை மாட்டின கையாலேயே ஃபைலைப் புடிச்சுக்கிட்டு, வேர்த்து ஊத்த, கடைசி வரிவரைக்கும் வாசிச்சு முடிச்சாரு.

புரொபசருங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் எந்திரிச்சாங்க பாருங்க. மேசையைத் தட்டுறாங்க, கையைத் தட்டுறாங்க, கணக்குத் துறைக்காரர் ஒருத்தர் விசிலே அடிச்சுட்டாரு. ஜெசிந்தா மேடம் கண்ணுல தண்ணி. “பதிவாளர் இவ்வளவு பெருந்தன்மையா நடந்துக்கிட்டாரு. நாங்களும் அதுக்குக் குறைஞ்சவங்க இல்லை”ன்னு அவங்க ஃபைலை விரிச்சாங்க.

எனக்கு எந்திரிச்சு ஓடணும்னு இருக்கு. கதவு மேசைக்கு அந்தப் பக்கம்.

“ஒன்று. விடைத்தாள் திருத்தி மதிப்பெண் கொடுப்பதை ஆசிரியர்கள் பதினைந்து நாளுக்குள் முடித்தே ஆக வேண்டும்.” அவங்க புருவம் மேல போகுது. “இரண்டு. அட்மிஷன், விடுதி, குறைதீர்ப்பு இவற்றில் ஒவ்வொரு பேராசிரியரும் பருவந்தோறும் பொறுப்பு ஏற்க வேண்டும்.” பெருந்தன்மைன்னு வாயால சொல்லியாச்சு, இனிமே பின்வாங்க முடியுமா? கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, பாதியில விட மாட்டாங்க. “மூன்று. நிறைவேறிய தீர்மானத்தை எதிர்த்து வாட்ஸ்அப்பில் எழுதுவது இல்லை.” முடிச்சுட்டாங்க. இப்ப ஆபீசருங்க பக்கம் ஒரே கைதட்டு. நிதி அலுவலர் சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன், பல்லு வரிசையா நல்லாத்தான் இருக்கு.

துணைவேந்தர் எந்திரிச்சாரு. “நான் எத்தனையோ யுனிவர்சிட்டி பாத்திருக்கேன். எதிர்த்தரப்பு கேக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தரப்பும் விட்டுக்குடுத்து இப்பதான் பாக்குறேன். ரெண்டும் நிறைவேறியது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”ன்னாரு.

எவன் சொல்லுவான்? மணி பதினொன்னு முப்பத்தி அஞ்சு. வடை இன்னும் வரவே இல்லைம்மா! எங்க யுனிவர்சிட்டி சரித்திரத்துலயே வடை வர்றதுக்கு முன்னாடி ஏகமனதா ஒரு தீர்மானம் நிறைவேறினது அன்னைக்குத்தான். கேன்டீன்காரர் தட்டோட உள்ளே வந்து, எல்லாரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறதைப் பாத்து, ரூம் மாறி வந்துட்டோமோன்னு வெளியே போயிட்டாரு.

அப்பதான் பதிவாளர் திரும்பிச் சுவரைப் பாத்தாரு. ஜெசிந்தா மேடமும் சுவரைப் பாத்தாங்க. நான் ஃபேனைப் பாத்தேன்.

அன்னையில இருந்து மூணு வாரம். ஒரு கடிதம் வரலைம்மா! இவரும் கூப்பிடல, அவங்களும் வரல. ஒரு நாள் கேன்டீனுக்குப் போறேன், ரெண்டு பேரும் ஒரே மேசையில. நடுவுல ஒரு கட்டு பேப்பர். ஏதோ படிச்சுச் சிரிக்கிறாங்க. என்னைக் கண்டதும் கப்புனு நிறுத்திட்டு காபியை ஆத்துறாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. ரெண்டு தரப்புக்கும் எழுதிக் குடுத்தது தெரிஞ்சாச்சு, குற்றம் சாட்டி சார்ஜ் மெமோ தயாராகுது, முப்பதாம் தேதி மாலையோட கைக்கு வரும்.

ஆனா ஒரு விஷயம் யோசிச்சீங்களா? எங்க யுனிவர்சிட்டியில சார்ஜ் மெமோ எழுதணும்னாலும் எங்க செக்‌ஷன்தான். என் மேல மெமோ எழுதணும்னா அதையும் நான்தான் எழுதணும். சும்மா இருக்க முடியாம ஒரு நாள் எழுதிப் பாத்தேன். அருமையா வந்துச்சு! தப்பிக்க ஒரு ஓட்டை இல்லை. படிச்சுட்டு நானே கையெழுத்துப் போடப் போயிட்டேன். கிழிச்சுப் போட்டுட்டேன்.

போன திங்கக்கிழமை பதிவாளர் கூப்பிட்டு விட்டாரு. செத்தேன்னு போய் நின்னேன். தலையை நிமிர்த்தாமலே, “முப்பதாம் தேதி உங்க பிரிவு உபசாரத்துல நான் பேசணும். எழுதிக் குடுத்துருங்க”ன்னாரு. மத்தியானம் ஜெசிந்தா மேடம் எட்டிப் பாத்தாங்க. “அக்கா, எனக்கும் ஒண்ணு.” என்னைப் பத்தி ரெண்டு பேரும் பேச வேண்டியதை நானே எழுதினேன். கொஞ்சம் உயர்வாத்தான் எழுதினேன். உண்மையை எழுதுறதுல என்ன கூச்சம்?

இன்னைக்கு நாலு மணி. அதே ஹால். என்னை மேசைக்குத் தலைமாட்டுல உக்கார வச்சுட்டாங்க. முதுகுக்குப் பின்னாடி சுவரு இல்லாம எனக்கு உக்காரவே வரல. மாலை போட்டாங்க, பொன்னாடை போத்தினாங்க, இந்தக் கடிகாரம் குடுத்தாங்க. எனக்கு அந்தப் பரீட்சைப் பிரிவுக்காரர் ஞாபகம்தான். பதிவாளர் எந்திரிச்சாரு. சட்டைப் பையில இருந்து என் பேப்பரை எடுத்தாரு. பாத்தாரு. மடிச்சு மேசை மேல வச்சாரு.

“இந்தத் தடவை நான் படிச்சுப் பாத்துட்டு வந்தேன்”ன்னாரு.

நான் பொன்னாடையை இழுத்துப் போத்திக்கிட்டேன்.

“நானும் படிச்சேன் அக்கா”ன்னாங்க ஜெசிந்தா மேடம். “என்னோடதையும் படிச்சேன், அவரோடதையும் படிச்சேன். நாப்பத்தி மூணையும் படிச்சோம். ரெண்டு பேரும் சேர்ந்து.”

பதிவாளர் உள்ளே கையை விட்டு ஒரு கவரை எடுக்குறாரு. நான் மாலையைக் கழட்டிட்டேன்மா. மாலையோட வாங்கக் கூடாதுன்னு கழட்டி மேசையில வச்சுட்டு எந்திரிச்சு நின்னேன். “குடுங்க சார்”ன்னேன். “எங்க கையெழுத்துப் போடணும்?”

சிரிச்சாங்க பாருங்க! துணைவேந்தர் சிரிக்கிறாரு, நிதி அலுவலர் மறுபடியும் பல்லைக் காட்டுறாரு. கவர்ல இருந்தது பணி ஓய்வு ஆணை. சுத்தமான ஆணை. ஏழு வரி, ஒரு நிபந்தனை இல்லை. நான் அங்கேயே உக்காந்து அழுதேன். சந்தோஷம்தான். அழுதா அழுததுதான், எனக்கென்ன வெக்கம்.

கூடவே இன்னொரு பேப்பர் குடுத்தாங்க. புதுசா அமைச்ச கூட்டுக் குழுவோட முதல் தீர்மானம். பாதி நீல மசி, பாதி கறுப்பு. ரெண்டு பேரும் அவங்க கையாலேயே எழுதினது. என்கிட்ட குடுக்காம! என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? “இனிமேல் எந்தக் கடிதமும் எழுதுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்கள் நேரில் உட்கார்ந்து பேசுவது. அதற்கு அலுவலகத்தார் ஒருவரும் சுவரோரம் இல்லாமல் மேசையில் உட்காருவது.” அவ்வளவுதான். மேற்படி இல்லை, பார்வை இல்லை, கனிவான கவனம் இல்லை. ஏகமனதாகன்னு ஒரு வார்த்தை போடத் தெரியலைம்மா! நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டு பேனாவை எடுத்து அங்கேயே சேத்துட்டேன். அதுக்கும் கைதட்டுறாங்க.

நேர்லயே பேசிக்கப் போறாங்களாம். பாவம். நான் இல்லாம எத்தனை நாளைக்கு ஓடும்னு நினைக்கிறீங்க? அது சரி, நீங்க எங்க போறீங்க? கருங்கல்மேடா? பக்கத்து வீட்டுக்காரரோட காம்பவுண்டு சுவர்த் தகராறா? அடடா. முதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கு இனிமே நேரம்தான். ஒரு புகார் எழுதித் தரேன், அசந்துருவாரு. பாவம், அவரால பதில் சொல்ல முடியலைன்னா என்கிட்ட அனுப்பி வைங்க.

உங்க ஸ்டாப் வருதா? இருங்க இருங்க, இதைப் பாத்துட்டு இறங்குங்க. அந்தத் தீர்மானம்தான். கண்ணாடி இருக்கா? மாட்டிக்குங்க. இருபத்தேழு வருஷம் ‘வருகை தந்தோர்’னு தலைப்புப் போட்டு எல்லார் பேரும் எழுதியிருக்கேன். துணைவேந்தர், பதிவாளர், பேராசிரியர்கள், எல்லாரும். என் பேரை எழுதினதில்லை. எழுத முடியாது, நான் சுவருதானே. இங்க பாருங்க, கீழே அதே தலைப்பு. மூணாவது பேரு. பதிவாளர் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும். நாலு தடவை பாத்துட்டேன், நான்தானான்னு இன்னும் சந்தேகமா இருக்கு.

டிரைவர், ஒரு நிமிஷம்ப்பா! அவங்க படிச்சுக்கிட்டு இருக்காங்க.

நிதானமாப் படிங்கம்மா. சத்தமாவே படிங்க.